பார்ப்பதும் ஒளிப்பதும்: ஆபாசப் படப் பழக்கம் தாம்பத்தியத்தை என்ன செய்கிறது?

நீலகிரி மலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மனநல ஆலோசனை வேலையில் இருக்கிறேன். இந்தப் பழக்கத்தைப் பற்றிய கேள்வி என்னிடம் நேராக வருவதில்லை. தூக்கம் சரியில்லை என்று தொடங்குவார்கள். உடம்பு அசதி, வேலையில் கவனம் நிற்கவில்லை, வீட்டில் ஓயாத சண்டை என்று சுற்றி வருவார்கள். கிளம்பும்போதுதான், செருப்பை மாட்டிக்கொண்டே, “செல்லுல அந்த மாதிரி படம் பாக்குற பழக்கம் இருக்குங்க. அதுக்கு அடிமையாயிட்டேனான்னு தெரியல” என்பார்கள். இன்னொரு நாள் வேறொரு வீட்டிலிருந்து ஒரு மனைவி வருவார். கணவரின் ஃபோனை எதேச்சையாகப் பார்த்திருப்பார். “எங்கிட்ட என்ன குறைன்னு அவரு இதப் போய் பாக்குறாரு?” என்பதற்கு மேல் அவரால் பேச முடியாது.

இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பை முன்பே எழுதிவிட்டுத்தான் வருகிறார்கள். கணவர் தன்னை நோயாளி என்றோ கெட்டவன் என்றோ முடிவு கட்டியிருப்பார். மனைவி இந்தக் குடும்பம் இனித் தேறாது என்று முடிவு கட்டியிருப்பார். யார் சொன்னார்கள் என்று கேட்டால் எந்த மருத்துவரும் சொல்லியிருக்க மாட்டார். சினிமாவில் பார்த்தது, பேப்பரில் படித்தது, யூடியூபில் கேட்டது, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. அதனால் இந்தப் பழக்கம் எப்போது நோயாகிறது என்பதோடு, ஊடகம் அதை எப்படிக் காட்டுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபாசப் படம் பார்ப்பது சரியா, தவறா என்ற கேள்வியை நான் எடுக்கவில்லை. அதை அவரவர் மனசாட்சியும் குடும்பமும் தீர்மானிக்கட்டும்.

எப்போது நோய்?

உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் நோய்ப் பட்டியலின் 11-ஆவது பதிப்பு 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ‘கட்டுக்கடங்காத பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று ஒன்று உண்டு. ஆபாசப் படத்தை விடமுடியாமல் பார்ப்பதும் அதற்குள் அடங்கும். சூதாட்டத்தையும் வீடியோ கேமையும் போதைப் பழக்கங்களோடு வைத்த அந்தப் பட்டியல், இதை மட்டும் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் கூட்டத்தில் வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் கையேட்டைப் புதுப்பித்தபோது, இதையொத்த ஒரு கோளாறைச் சேர்க்கலாம் என்ற முன்மொழிவை ஏற்கவில்லை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் சேர்க்கவில்லை. போதைதானா, வேறு வகையா என்ற விவாதம் இன்னும் முடியாமல் நடக்கிறது. ஆனால் அதனால் அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதில் இரு தரப்புக்கும் ஐயம் இல்லை.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பார்த்தால் நோய் என்று எல்லோரும் ஓர் எண்ணைக் கேட்கிறார்கள். அப்படி எண் எதுவும் பட்டியலில் இல்லை. பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு. வாழ்க்கையே அதைச் சுற்றி நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்: உடம்பு, வேலை, பிள்ளைகள் எல்லாம் பின்னுக்குப் போயிருக்கும். நிறுத்தவோ குறைக்கவோ பலமுறை முயன்று முடியாமல் போயிருக்கும். வேலை போகிறது, உறவு முறிகிறது என்று தெரிந்தும் தொடரும். இன்பம் வடிந்து, பார்ப்பதில் ஒன்றுமே இல்லை என்று ஆன பிறகும் கை தானாக ஃபோனைத் தேடும். இந்த நிலை 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்து, மனத்தையோ அன்றாட வாழ்க்கையையோ கடுமையாகப் பாதித்தால்தான் மருத்துவர் கோளாறு என்று சொல்வார்.

அந்த வரையறையில் இன்னொரு வரி இருக்கிறது. என் வேலைக்கு அதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ‘இது பாவம், இது அசிங்கம்’ என்ற எண்ணத்தால் மட்டும் வருகிற வேதனையை வைத்து இந்தக் கோளாறு இருப்பதாகச் சொல்லக் கூடாது என்கிறது அது. அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். ஒரே அளவு பார்க்கும் இருவரில், அதைப் பெரிய ஒழுக்கக்கேடு என்று நம்புகிறவரே தன்னை அடிமை என்று எண்ண அதிக வாய்ப்பு. மாதத்தில் ஓரிரு முறை பார்த்துவிட்டுச் செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அழுதவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய வேதனை பொய்யில்லை. ஆனால் அதற்கான மருந்து வேறு. குற்றவுணர்வுக்கு மருந்து தர வேண்டிய இடத்தில் அடிமை என்று முத்திரை குத்தினால் குற்றவுணர்வுதான் இன்னும் பெருகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 42 நாடுகளில் 82,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய 5 சதவீதத்தினர் இந்தக் கோளாறுக்கான அதிக ஆபத்தில் இருந்தார்கள். அவர்களிலும் சிகிச்சைக்குப் போனவர்கள் 14 சதவீதம் போல. உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் வாயே திறப்பதில்லை. தேவையில்லாதவர் பயந்து நடுங்குகிறார், தேவைப்படுகிறவர் ஒளிந்துகொள்கிறார். இரண்டுக்கும் வேர் வெட்கம்தான்.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளையில் ‘வேண்டும்’ என்ற தவிப்புக்கும் ‘பிடித்திருக்கிறது’ என்ற இன்பத்துக்கும் வேறு வேறு பாதைகள் உண்டு என்று டெர்ரி ராபின்சன், கென்ட் பெர்ரிட்ஜ் என்ற இரு விஞ்ஞானிகள் 1993 முதல் எழுதி வருகிறார்கள். டோபமைன் என்ற வேதிப்பொருள் தவிப்போடுதான் அதிகம் சேர்ந்தது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது தவிப்பு ஏறிக்கொண்டே போகலாம், இன்பம் அதே இடத்தில் நிற்கலாம், குறையவும் செய்யலாம். “பாத்து முடிச்சா ஒண்ணுமே இல்லீங்க, ஆனா பாக்காம இருக்க முடியல” என்று ஒருவர் சொல்லும்போது அவர் விவரிப்பது இதைத்தான்.

2014-இல் கேம்பிரிட்ஜில் வலேரி வூன் என்ற ஆய்வாளரின் குழு, இந்தப் பழக்கத்தில் கட்டுப்பாடு இழந்த 19 ஆண்களின் மூளையையும் மற்ற 19 ஆண்களின் மூளையையும் படம் எடுத்து ஒப்பிட்டது. போதைப்பொருள் பழக்கத்தில் தூண்டப்படும் அதே பகுதிகள் இவர்களிடமும் கூடுதலாகத் தூண்டப்பட்டன. மறு ஆண்டு நிக்கோல் பிராஸ் என்ற இன்னோர் ஆய்வாளரின் குழு மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து, போதை என்றால் எதிர்பார்க்க வேண்டியதற்கு நேர்மாறான முடிவைச் சொன்னது. ஜெர்மனியில் 64 ஆண்களிடம் நடந்த ஆய்வு, அதிக நேரம் பார்ப்பவர்களின் மூளையில் ஒரு பகுதி சற்றுச் சிறியதாக இருப்பதாகக் கண்டது. பார்த்ததால் சிறுத்ததா, அப்படி அமைந்தவர்கள் அதிகம் பார்க்கிறார்களா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. ‘ஆபாசப் படம் மூளையைச் சுருக்கும்’ என்று தலைப்பு வைத்த வீடியோக்களில் இந்தக் கடைசி வாக்கியம் இருக்காது.

லயன் வீட்டில் ஒரு கதவு

எங்கள் பக்கத்தில் எஸ்டேட் லயன் வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு, என்றால் ஓர் அறை, ஒரு சமையல் கட்டு, அவ்வளவுதான். மாமியார், இரண்டு பிள்ளைகள், புருஷன், பொண்டாட்டி எல்லோரும் அதற்குள். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் வெளியே கால் வைக்க முடியாது. வீட்டில் யாருக்கும் தனியாக உட்கார ஓர் இடம் கிடையாது. கதவு உள்ள ஒரே அறை ஒவ்வொருவர் கையிலும் இருக்கிற செல்ஃபோன். அது பூட்டிக்கொள்ளும், சத்தம் போடாது, போர்வைக்குள்ளும் வரும். மலையில் இருப்பவர்கள் மற்றவர்களை விட அதிகம் பார்க்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே இந்தப் பழக்கம் எந்த வடிவத்தில் வருகிறது என்பதைச் சொல்கிறேன்.

பலர் சொன்னதைக் கலந்து ஒரு சித்திரம் வரைகிறேன். எந்தத் தனி மனிதரும் இதில் இல்லை. கணவர் ஊட்டியில் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். ஏப்ரல், மே சீசனில் வீட்டுக்கு வர இரவு 11 மணியாகும். மனைவி தேயிலை ஃபேக்டரிக்குப் போகிறவர், விடியற்காலை 5 மணிக்கு எழ வேண்டும். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குகிறார். சீசன் முடிந்தால் வேன் ஓட்டம் இல்லை. இலை விலையும் இறங்கிய மாதமாக இருந்தால் கடன்காரன் வாசலுக்கு வந்துவிடுவான். அந்தக் கவலையில் தூக்கம் வராமல் ஃபோனை எடுக்கிறார். முதலில் ரீல்ஸ், பிறகு இது. பத்து நிமிஷம் கவலை மறக்கிறது. மறுநாள் அதே நேரத்துக்குக் கை தானாகப் போகிறது. பார்த்த தடத்தை அழிக்கக் கற்றுக்கொள்கிறார். மனைவி அருகில் வந்தால் ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறார்.

கவிழ்த்து வைப்பதைத்தான் மனைவி முதலில் கவனிக்கிறார். படத்தை அல்ல. இவருக்கு வேறு யாரோடோ தொடர்பு என்று நினைக்கிறார். கேட்கிறார். “ஒண்ணுமில்ல, வண்டி விஷயமா பேசுனேன்” என்கிறார் கணவர். இப்படி ஏழெட்டு பொய்கள் சேர்ந்த பிறகு ஒருநாள் உண்மை தெரிகிறது.

அப்போது வரும் காயத்துக்கு இரண்டு பகுதி. ஒன்று, படம்: ‘என் உடம்பு இவருக்குப் போதவில்லையா’ என்ற கேள்வி. இரண்டு மூன்று பிள்ளை பெற்று, நாளெல்லாம் உழைத்துக் களைத்த ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு குத்தும் என்று விளக்கத் தேவையில்லை. இன்னொன்று, பொய்: ‘இத்தனை நாள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாரே.’ என்னிடம் பேசிய பெண்களில் பலரும் சில வாரத்தில் முதல் பகுதியைத் தாண்டி வந்துவிட்டார்கள். இரண்டாவதைத் தாண்டத்தான் நாளாயிற்று. படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சிலரால் சிரிக்கக்கூட முடிகிறது. பொய்யைப் பற்றிப் பேச்சு வந்தால் கண் கலங்கிவிடுகிறது.

பார்ப்பதால் தாம்பத்தியத்தில் நேரடியாக வரும் பாதிப்பும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சிலருக்கு மனைவியோடு சேரும் ஆசை குறைகிறது. படத்தில் கண்டதை வீட்டில் எதிர்பார்த்து வற்புறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது மனைவிக்கு வலியும் அவமானமும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் பேரத்துக்கு இடமே கிடையாது. அந்தப் படங்கள் நடிப்பும் வெட்டி ஒட்டலும் சேர்ந்தவை என்பது பார்க்கிறவருக்கு அந்த நேரத்தில் உறைப்பதில்லை. விறைப்புக் குறைவுக்கு இந்தப் பழக்கம்தான் காரணம் என்று இணையத்தில் உறுதியாகச் சொல்கிறார்கள். அதற்கான சான்று கலவையாகத்தான் இருக்கிறது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை, குடி, ‘முடியாமல் போய்விடுமோ’ என்ற பயம் ஆகியவைதான் நன்கு தெரிந்த காரணங்கள். முதலில் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஊடகம் காட்டும் இரண்டு மனிதர்கள்

நம் சினிமாவில் ஆபாசப் படம் பார்ப்பவன் இரண்டே வகை. ஒருவன் நண்பர்களோடு ஒளிந்து பார்த்து அப்பாவிடம் மாட்டிக்கொள்ளும் காமெடிப் பையன். இன்னொருவன் பெண்களைப் படம் பிடித்து மிரட்டும் வில்லன். நடுவில், கல்யாணமாகி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி தனக்குள் நொந்துபோகிற சாதாரண ஆள் எங்கும் வருவதில்லை. மனைவி பாத்திரத்துக்கும் இரண்டே வேலை: அழ வேண்டும், இல்லையென்றால் அன்பால் அவனைத் திருத்த வேண்டும். பெண்களிலும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது நம் கதைகளில் எங்குமே கிடையாது. அப்படிப்பட்ட பெண் உதவி தேடி வருவது ஆணைவிடப் பல மடங்கு கஷ்டம். தன்னைப் போல உலகத்தில் இன்னொருத்தி இல்லை என்று நினைத்துக்கொண்டே வருகிறார்.

செய்தித்தாள்களில் ஒரு வாசகம் பழகிப்போய்விட்டது. பாலியல் குற்றத்தில் யாராவது கைதானால், ‘செல்ஃபோனில் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் உள்ளவர் என்பது விசாரணையில் தெரியவந்தது’ என்று முடியும். அந்த வரி தவறான தகவலாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதே படங்களைப் பார்த்துவிட்டு யாரையும் தொடாமல் மறுநாள் வேலைக்குப் போகிற லட்சக்கணக்கானவர்கள் எந்தச் செய்தியிலும் வர மாட்டார்கள். கைதானவரை மட்டும் எண்ணிக் காரணம் கண்டுபிடித்தால் கணக்கு தப்பும். அந்தச் செய்தியைப் படித்த மனைவி அன்று இரவு கணவர் பக்கத்தில் படுக்கவே பயப்படுகிறார். கணவரும் அதையே படித்துவிட்டு, இதை இனிச் செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது என்று முடிவெடுக்கிறார்.

ஆய்வுகளைப் பற்றிய தலைப்புகள் இன்னொரு ரகம். இதற்கு ஒரே ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் அது உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்காவில் சாமுவேல் பெர்ரி, சைரஸ் ஷ்லைஃபர் என்ற சமூகவியலாளர்கள் 2006 முதல் 2014 வரை ஒரே மனிதர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு எடுத்த தரவை ஆராய்ந்தார்கள். முதலில் 2016-இல் ஒரு மாநாட்டில் சொன்னார்கள், 2018-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ‘ஆபாசப் படம் விவாகரத்தை இரட்டிப்பாக்குகிறது’ என்று தலைப்புகள் வந்தன.

இரட்டிப்பு என்பது ஏறக்குறைய சரிதான். எதிலிருந்து எதற்கு என்பதுதான் தலைப்பில் இல்லை. இடையில் பார்க்கத் தொடங்காதவர்களில் அடுத்த கணக்கெடுப்புக்குள் விவாகரத்து ஆனவர்கள் 6 சதவீதம், பார்க்கத் தொடங்கியவர்களில் 11 சதவீதம். அதாவது பார்க்கத் தொடங்கிய 100 பேரில் 89 பேர் மணவாழ்க்கையில்தான் இருந்தார்கள். பார்க்கத் தொடங்கிய பெண்களிடம் இது 16 சதவீதம்வரை போனது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். திருமணமாகிச் சில ஆண்டு கழித்து ஒருவர் ஏன் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறார்? உறவு ஏற்கெனவே விரிசல் கண்டு, தனிமையில் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் படம் பின்னால் வந்தது, விரிசல் முன்னால் வந்தது. இந்தத் தரவால் காரணத்தை உறுதியாக நிரூபிக்க முடியாது என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள்.

அதற்காக அந்த ஆய்வைத் தூக்கி எறியவும் நான் தயாரில்லை. அதிலேயே இன்னொரு தகவல் புதைந்து கிடக்கிறது. தொடக்கத்தில் ‘மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறோம்’ என்று சொன்னவர்களிடையே இந்த வாய்ப்பு 3 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக ஏறியது. ஏற்கெனவே மகிழ்ச்சி இல்லை என்றவர்களிடம் அப்படி ஏறவில்லை. எதிர்பாராமல் இது வெளியே தெரிய வருவதே நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தை உலுக்கிவிடுகிறதோ என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். அது ஊகம்தான். ஆனால் லயன் வீட்டுக் கதையில் மனைவி சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். எந்தத் தலைப்பும் இதைச் சொல்லவில்லை.

2017-இல் 10 நாடுகளின் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, ஆண்களிடம் அதிகம் பார்ப்பதும் உறவில் திருப்தி குறைவதும் ஓரளவு சேர்ந்தே வருகின்றன என்றது. பெண்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. அதே ஆண்டு டேலர் கோஹட் என்பவரின் குழு, 400-க்கும் சற்று அதிகமானவர்களிடம் ‘உங்கள் உறவில் இதனால் என்ன ஆயிற்று’ என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொன்னபோது, அதிகம் பேர் சொன்னது ‘கெட்டது ஒன்றும் ஆகவில்லை’ என்பதுதான். இவை பெரும்பாலும் மேற்கு நாடுகளின் தம்பதிகளைப் பற்றிய ஆய்வுகள். அங்கே தம்பதிகளுக்குத் தனியறை உண்டு, இதைப் பற்றிப் பேசும் பழக்கமும் நம்மைவிட அதிகம். பேச்சே இல்லாத, பேச இடமே இல்லாத வீடுகளுக்கு அவற்றை அப்படியே ஒட்டவைக்க முடியாது.

வெட்கத்தை வைத்துப் பிழைக்கிறவர்கள்

இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும், நடுராத்திரி டிவியிலும், இன்றைக்கு யூடியூபிலும் ஒரே பாட்டுத்தான்: இளமையில் செய்த தவறு, கைப்பழக்கம், நரம்புத் தளர்ச்சி, விந்து நஷ்டம், இல்லறத்தில் தோல்வி. மாதம் ஒருமுறை இன்ன லாட்ஜில் வைத்தியர் வருவார் என்று தேதி போட்டிருப்பார்கள். இலை பறித்துச் சேர்த்த பணத்தை லேகியத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். விந்து வெளியேறுவதால் நரம்பு தளராது, உடம்பு உருகாது. இந்தப் பயம் நம் நாட்டில் எவ்வளவு ஆழமாக வேரோடியது என்றால், மனநல மருத்துவர் விக் 1960-இலேயே ‘தாது நோய்’ என்று அதற்குத் தனிப் பெயர் வைத்தார். பாலியல் இன்பத் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அந்தச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, சுவரொட்டிகளும் அப்படியே இருக்கின்றன.

இளைஞர்களிடம் இப்போது புதிதாக ஒரு விரதம் வந்திருக்கிறது. 90 நாள் தொடாமல் பார்க்காமல் இருந்தால் மூளை புதிதாகிவிடும், முகம் பளபளக்கும், பெண்கள் தேடி வருவார்கள் என்கிற வீடியோக்கள். விட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, சிலருக்கு உதவியும் செய்கிறது. ஆனால் 90 என்ற எண்ணுக்கு மருத்துவ அடிப்படை எதுவும் கிடையாது. 40-ஆவது நாளில் ஒருமுறை தவறினால் எல்லாம் போயிற்று, நான் தோற்றவன் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்கிறான் பையன். எண்ணிக்கையைத் தூக்கிப்பிடிக்கும் முறையே அவனை வீழ்த்துகிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். வயது வந்தவர் வயது வந்தவர்களின் படத்தைத் தனிமையில் பார்ப்பதற்கு இந்தியச் சட்டத்தில் தண்டனை இல்லை. வெளியிடுவதும் பரப்புவதும்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளில் குற்றம். குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் கதையே வேறு. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், அப்படிப்பட்டதைத் தரவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று சொன்னதும், அது எல்லா சேனலிலும் ஓடியது. அதே தீர்ப்பில், பழக்கத்தில் சிக்கிய இளைஞர்களைத் தண்டிப்பதை விட அறிவுரையும் ஆலோசனையும் தர வேண்டும் என்று நீதிபதி எழுதியதைக் கவனித்தவர்கள் குறைவு. அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்துவிட்டது. குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் எதையும் தேடிப் பார்ப்பது சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம், அழிக்காமலோ புகார் செய்யாமலோ வைத்திருப்பதும் குற்றம்தான். வாட்ஸ்அப் குழுவில் வந்தாலும் ஒருவருக்கும் அனுப்பக் கூடாது. cybercrime.gov.in என்ற அரசு இணையதளத்திலோ காவல் துறையின் சைபர் குற்றப் பிரிவிலோ சொல்ல வேண்டும். முதல் செய்தியை மட்டும் கேட்டுவிட்டு இன்னமும் ‘பாத்தா தப்பில்லையாமே’ என்று சொல்பவர்கள் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். தேனிலவுக்கு இங்கே வரும் ஜோடிகளை அறைகளில் ஒளித்த கேமராவால் படம் எடுப்பதும் குற்றம்தான். அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் 3 ஆண்டுவரை சிறை உண்டு. அப்படி வந்த காட்சியைப் பார்க்கும்போது அந்த இருவரும் சம்மதிக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்?

2018-இல் மத்திய அரசு 827 ஆபாசத் தளங்களை முடக்கச் சொன்னது. வேறு வழியாக உள்ளே போவது எப்படி என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். வீட்டிலும் அதே கதைதான். மனைவி பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்வதும், தினமும் ஃபோனைச் சோதிப்பதும் கொஞ்ச நாள் வேலை செய்யும். பிறகு அவர் போலீஸாகவும் கணவர் திருடனாகவும் மாறி, இருக்கிற கொஞ்ச நெருக்கமும் போய்விடும்.

பயன்படுவது வேறு. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை ஃபோனுக்குப் போகிறது என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்துப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் காமம் காரணமாக இருக்காது. தனிமை, சலிப்பு, கோபம், கடன் கவலை, தூக்கமின்மை என்று வரும். அப்படியானால் தீர்க்க வேண்டியது அந்தக் கவலையைத்தான். ஃபோனைப் படுக்கையிலிருந்து தள்ளி, சமையல் கட்டில் சார்ஜ் போட்டு வைப்பது சின்ன மாற்றம், ஆனால் பலன் உண்டு. உந்துதல் வரும்போது அதோடு மல்லுக்கட்டாமல், வந்திருக்கிறது என்று கவனித்து, அது தணியும்வரை பிடித்த வேறொரு வேலையில் கையை வைக்கப் பழகுவது ஒரு சிகிச்சை முறை. 28 ஆண்களிடம் நடத்தி 2016-இல் வெளியான சோதனையில் அது நல்ல பலன் தந்தது. எண்ணங்களையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் உளவியல் சிகிச்சையும் உண்டு. சிலருக்கு அடியில் மனச்சோர்வோ குடியோ இருக்கும். அதைச் சரிசெய்தால் இதுவும் இறங்கும். நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள்கூட இந்த உந்துதலைத் தூண்டும். வயதான ஒருவரிடம் திடீரென்று இந்த மாற்றம் தெரிந்தால் திட்டுவதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

கணவர் சொல்ல முன்வந்தால், மாட்டிக்கொள்ளும் முன் தானாகச் சொல்வது நல்லது. பிள்ளைகள் தூங்கிய பிறகு, சண்டை இல்லாத ஒரு நாளில். “உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன், இனிமே மறைக்க விரும்பல” என்று தொடங்கினால் போதும். என்ன பார்த்தேன் என்ற விவரம் ஒவ்வொன்றையும் கொட்டத் தேவையில்லை, அது மனைவியின் மனத்தில் படமாக நின்று வதைக்கும். எவ்வளவு நாளாக, எவ்வளவு அடிக்கடி, நிறுத்த முயன்றேனா, வேறு யாரோடாவது தொடர்பு உண்டா என்பதற்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும். மனைவி கோபப்படுவார், அழுவார். அன்றைக்கே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ‘நீ கவனிச்சிருந்தா நான் ஏன் பாக்கப் போறேன்’ என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது. அந்த ஒரு வாக்கியம் பல வருஷத்துக்கு நிற்கும். மனைவியரிடம் நான் சொல்வது: உங்கள் உடம்பில் குறை தேட வேண்டாம், கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய பழக்கமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்களே என்பதுதான் எல்லோருக்கும் தடை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்கள் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது சிகிச்சை தருகிறவரின் கடமை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ‘தூக்கம் வரவில்லை’ என்று சீட்டு வாங்கிவிட்டு, உள்ளே போய் உள்ளதைச் சொன்னாலும் சரிதான். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் செல்ஃபோன், இணையப் பழக்கங்களுக்கென்றே 2014 முதல் ஒரு தனி மருத்துவப் பிரிவு இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு டெலி மனஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை உண்டு. எண் 14416. எந்த நேரத்திலும் அழைக்கலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். கணவர் ஒத்துக்கொள்ளும்வரை மனைவி காத்திருக்கவும் வேண்டியதில்லை. சந்தேகத்தில் தூங்காமல் கிடக்கிற அவருக்கும் அதே எண்தான்.